இரண்டு ஜன்னலில் ஒரு நெஞ்சு

தீபாவளிக்கு முந்தின வாரம் டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் நான் வேலை செய்யும் ஒரு வீட்டில் மின்விசிறி துடைக்க ஸ்டூலில் ஏறினேன். ஸ்டூல் ஆடியது. விழுந்தேன். வலது விலாவில் அடி. அந்த வீட்டு அம்மா துணியில் ஐஸ் சுற்றிக் கொடுத்தார். மறுநாளும் வலி குறையவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள்.

விலா உடையவில்லை. வேறு ஒன்று இருந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து, மேலே ஒரு இடத்தில் பேனாவால் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி. இருமல் உண்டா என்று கேட்டார். இல்லை. எடை குறைந்ததா. தெரியாது, நான் எடை பார்ப்பதில்லை. வீட்டில் யார் பீடி குடிக்கிறார்கள். வீட்டுக்காரர். விறகு அடுப்பில் சமைத்தது உண்டா. உண்டு, பல வருஷம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஸ்கேனுக்குச் சீட்டுக் கொடுத்தார்.

ஸ்கேன் அறை குளிராக இருந்தது. பலகையில் படுக்க வைத்து வெளியே போய்விட்டார்கள். பலகை தானாக நகர்ந்து ஒரு வட்டத்துக்குள் போனது. எங்கிருந்தோ ஒரு பெண் குரல் ஹிந்தியில் மூச்சை இழு, பிடி என்றது. பிடித்தேன். அந்த மூச்சுக்குள் எல்லாம் நின்றுபோனது. நான்கு வீட்டுப் பாத்திரம், பஸ், குழாயடி, ஒன்றும் நகரவில்லை. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து மேலே பார்ப்பது போல இருந்தது. விடு என்று சொல்ல அந்தக் குரல் மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அது மறக்கவில்லை. எனக்குத்தான் விட மனசு வரவில்லை.

வலது நுரையீரலில் மேல் பகுதியில் ஒரு கட்டி. பதினைந்து மில்லிமீட்டர். ரிப்போர்ட்டில் நோட்யூல் என்று போட்டிருப்பதாக மகள் படித்தாள். மகள் டெல்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. இங்கிலீஷ் படிப்பாள்.

"எவ்ளோ பெருசு?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

மகள் விரலால் காட்டினாள். கொண்டைக்கடலை அளவு.

"அவ்ளோதானா," என்றார். அன்றிலிருந்து பீடியை வெளியே சந்தில் நின்று குடித்தார்.

அடுத்த வாரம் மூன்று பேரும் போனோம். டாக்டர் ஹிந்தியில் வேகமாகப் பேசினார். கேரளாவைச் சேர்ந்த ஒரு நர்ஸ் பக்கத்தில் இருந்தார். தமிழ்நாட்டில் படித்தவராம். எனக்குப் புரியும்படி அவர்தான் சொன்னார். எனக்கு ஹிந்தி தெரியும். ஆனால் அது பாத்திரத்துக்கும் காய்கறிக்கும் உள்ள ஹிந்தி.

இது என்னவாகவும் இருக்கலாம் என்றார். எப்போதோ வந்து தானே ஆறின டிபியின் தழும்பாக இருக்கலாம். கெடுதல் செய்யாத சும்மா கட்டியாக இருக்கலாம். கேன்சராகவும் இருக்கலாம். படம் அதன் பெயரைச் சொல்லாது.

மூன்று மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம். வளர்ந்திருந்தால் தெரிந்துவிடும். ஆனால் கெட்டதாக இருந்தால் அதற்கு மூன்று மாதம் நாமே கொடுத்த மாதிரி ஆகும். முதுகு வழியாக நீள ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்கலாம். என் கட்டி தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஊசிக்கு வழி சரியில்லை, நுரையீரலில் காற்றுக் கசியலாம் என்றார். இல்லாவிட்டால் விலா இடுக்கில் துளை போட்டு, கேமரா விட்டு, அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிடலாம். சோதனையும் முடிந்தது, கட்டியும் போனது. சில நாள் பக்கத்தில் குழாய் இருக்கும். இரண்டு மாதம் கனம் தூக்கக் கூடாது. அறுக்கத் தாங்காத உடம்புக்குக் கதிர்வீச்சு வைப்பார்களாம். எனக்கு அது வேண்டியிருக்காது, உடம்பு நன்றாக இருக்கிறது என்றார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

எங்கள் காலனி முனையில் உட்காரும் டாக்டர் டிபி மாத்திரையை ஆறு மாதம் போட்டுப் பார் என்றிருந்தார். அதைச் சொன்னேன். பெரிய டாக்டர் தலையை ஆட்டினார். என்னவென்று தெரியாமல் அந்த மாத்திரை வேண்டாம் என்றார்.

அவர் மனசு அறுப்பதில்தான் இருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை டாக்டர்கள் எல்லாரும் கூடி என் படத்தைப் பார்ப்பார்களாம். அன்றைக்கே முடிவு. அறுப்பதானால் அடுத்த வாரம் படுக்கை காலியாகிறது.

இரண்டு மாதம் வராத ஆளுக்கு வீடுகள் காத்திருக்காது. நான்கு வீடும் போகும். அது ஒன்று. நெஞ்சைத் திறக்க வேண்டுமா என்பது இன்னொன்று. எதற்கு அதிகம் பயந்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

எழுந்தோம். டாக்டர் வாசல் வரை வந்துவிட்ட எங்களைக் கூப்பிட்டார். பழைய படம் ஏதாவது உண்டா என்றார். எப்போதாவது நெஞ்சை எக்ஸ்ரே எடுத்திருக்கிறாயா. அப்போதும் இந்தக் கட்டி இதே அளவில் இருந்திருந்தால் கத்தி வேண்டாம். அதைக் கொண்டு வந்தால் எல்லாம் மாறும் என்றார்.

எடுத்திருந்தேன். ஒன்பது வருஷம் முன்னால் மூன்று வாரம் இருமல். டிபி என்று சந்தேகப்பட்டு எடுத்தார்கள். சளியில் ஒன்றும் இல்லை என்றார்கள். இருமல் நின்றது. நானும் திரும்பிப் போகவில்லை.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

படம் எங்கள் ஜன்னலில் இருந்தது.

எங்கள் பக்கம் எக்ஸ்ரே படத்தை யாரும் தூக்கிப் போட மாட்டோம். கண்ணாடி இல்லாத ஜன்னலுக்கு அதுபோல ஒன்று கிடையாது. மழை தாங்கும். குளிர்காற்று வராது. வெளியே இருப்பவனுக்கு உள்ளே தெரியாது. கொஞ்சம் வெளிச்சமும் வரும். வீட்டுக்காரர் சுண்ணாம்பு, பெயின்ட் வேலை செய்பவர். அவரிடம் தகரம் வெட்டும் கத்திரி உண்டு. பெரிய படம், சின்ன ஜன்னல். நடுவில் வெட்டினார். ஒரு பாதி எங்களுக்கு. மறு பாதி பக்கத்து வீட்டுக்காரிக்கு. அப்போது அவளும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

காலையில் வெயில் வந்தால் அந்த ஜன்னல் நீலமாகும். எலும்பு இருக்கும் இடத்தில் வெளிச்சம் விழும், மற்ற இடம் இருட்டு. தரையில் கோடு கோடாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கட்டில் காலைத் தொட்டு, அரிசி டப்பா மேல் ஏறி, மங்கிப் போகும். அது என் விலா என்று நான் நினைத்ததில்லை. வெயில் என்றுதான் நினைத்தேன்.

அன்று வந்ததும் மகள் ஜன்னல் முன் நின்று படத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, இதுல ஹார்ட் இருக்கு. அப்ப இது லெஃப்ட் சைடு. கட்டி ரைட்லதான. அது அந்த வீட்ல இருக்கு."

என் இதயம் எங்கள் வீட்டில். கட்டி அவள் வீட்டில்.

அவளோடு நான் பேசி நான்கு வருஷம். தண்ணீர் லாரி வரும் நாளில் அவளுடைய ரப்பர் குழாயை இரவல் வாங்கினேன். கூட்டத்தில் யாரோ மிதித்துக் கிழித்துவிட்டார்கள். பேச்சு வளர்ந்து சண்டையானது. வீட்டுக்கு வீடு ஒரு செங்கல் கனம்தான். அவள் இருமுவது எனக்குக் கேட்கும். நான் புரண்டு படுப்பது அவளுக்குக் கேட்கும். பேச்சு மட்டும் இல்லை.

இரண்டு நாள் அவளிடம் போகவில்லை. வேலைக்குப் போனேன். பனி இறங்கும் மாசம் அது. கிட்வாய் நகர் பக்கம் நடந்தால் எதிரில் வருகிற ஆள் முதலில் சத்தமாக வந்து பிறகுதான் உருவமாக வருவார். தட்டு கழுவும்போது கை தானாகக் கழுவும். நான் உள்ளே அந்தக் கடலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது இருட்டில் உட்கார்ந்திருக்கும். நான் மூச்சு விட்டால் அது மேலே போய்க் கீழே வரும், கயிற்றுக் கட்டிலில் படுத்த பிள்ளை மாதிரி. ஒரு வீட்டில் குழாயை மூடாமல் நின்றுவிட்டேன். அந்த வீட்டம்மா வந்து மூடினார். ஒன்றும் சொல்லவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் வாசலில் வெயிலில் உட்கார்ந்து வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"யக்கா."

அவள் நிமிரவில்லை. இன்னும் மூன்று தண்டு ஆய்ந்தாள்.

"காது கேக்குது. சொல்லு."

"ஒன் ஜன்னல்ல இருக்கற ஃபிலிம் வேணும்."

"நாலு வருசம் வாயத் தொறக்கல. தொறக்கும்போது ஜன்னலக் கழட்டிக் குடுன்னு வந்து நிக்கிற. நல்லா இருக்குடி ஒன் நாயம்."

சொன்னேன். விழுந்தது, புள்ளி, ஸ்கேன், செவ்வாய்க்கிழமை. நான் சொல்லச் சொல்ல அவள் கை நின்றது.

"எந்தப் பக்கம்?"

"வலது."

"அப்ப எங்கிட்டதான் இருக்கு." கீரையைத் தள்ளி வைத்தாள். "தெனம் விடிஞ்சா ஒன் எலும்பப் பாத்துதான் எந்திரிக்கிறேன். இதுல ஒனக்கும் எனக்கும் சண்ட வேற."

வீட்டுக்காரர் குறடு கொண்டு வந்தார். அவளுடைய பாதியை ஆணி பிடுங்கி எடுத்தார், கிழியாமல். பிறகு எங்களுடையது. இரண்டு வீட்டிலும் வெள்ளை வெளிச்சம் ஒரேயடியாக உள்ளே வந்தது. என் வீட்டைப் பார்த்தேன். சுவரில் இவ்வளவு கறை இருப்பது தெரியாது. யாரோ ஒருவர் வீட்டில் வேலைக்கு வந்து நிற்பது போல இருந்தது.

அவள் கையில் இருந்த பாதிக்குக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"நானே கொண்டாறேன். ஒங்கிட்டக் குடுத்தா திரும்பி வருமா? கொழா குடுத்தேன். வந்துச்சா?"

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை இருவரும் போனோம். மகளுக்குப் பரீட்சை. வீட்டுக்காரருக்குப் பாதியில் விட முடியாத வேலை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நான், பக்கத்தில் அவள். என் பாதி ஆஸ்பத்திரிக் கவரில். அவள் பாதி பழைய போர்வையில். உருட்டினால் விரிசல் விடும் என்று இருவரும் மடியில் படுக்க வைத்துப் பிடித்திருந்தோம். வெளியே ஒன்றும் தெரியவில்லை. பனிக்குள் பஸ் மெதுவாகப் போனது. நின்ற இடத்திலேயே மிதப்பது மாதிரி இருந்தது. கண்டக்டர் போர்வையைப் பார்த்து, கண்ணாடியா, உடைந்துவிடப் போகிறது என்றார். அவள் ஹிந்தியில் சொன்னாள், இல்லை அண்ணா, இது இவளுடைய நெஞ்சு என்று. கண்டக்டர் சிரிக்கவில்லை. பெண்களுக்குக் காசில்லாமல் கொடுக்கும் பிங்க் டிக்கெட் இரண்டு கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான்தான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் நேராக உட்கார்ந்தோம்.

டாக்டர் இரண்டு பாதியையும் விளக்குப் பெட்டியில் சேர்த்து வைத்தார். நடு முதுகெலும்பில் கத்திரிக் கோடு. ஓரங்களில் ஆணித் துளை. வெயிலில் மஞ்சள் ஏறியிருந்தது. ஆனாலும் எலும்பு எலும்பாக இருந்தது.

அவள் பாதியில் மேல் பக்கம் முழுக்க வட்ட வட்டமாகக் கறுப்பு. ஆறேழு இருக்கும். டாக்டர் குனிந்து பார்த்தார். இது என்ன என்றார்.

நர்ஸ் கிட்டே போனார். நகத்தால் ஒன்றைச் சுரண்டினார். உரிந்து வந்தது. ஸ்டிக்கர் பொட்டு.

அவள் தரையைப் பார்த்தாள்.

"அதுல மொகம் தெரியும்," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "கண்ணாடி இல்ல. அதான்."

பொட்டு உரிந்த இடத்தில் படத்தின் கறுப்பும் உரிந்து வந்திருந்தது. இப்போது அங்கே வெள்ளையாக ஒரு வட்டம். கட்டி மாதிரியே. டாக்டர் நர்ஸின் கையைத் தடுத்தார். நிறுத்துங்கள் என்றார். இப்படி உரித்தால் எது கட்டி, எது பொட்டு என்று தெரியாது. புதுப் படத்தில் வட்டம் போட்ட இடம், பழைய படத்தில் மூன்று பொட்டுக்கு அடியில் இருந்தது.

நர்ஸ் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு பொட்டின் மேலும் வைத்தார். ஊறட்டும், பத்து நிமிஷம் என்றார். டாக்டர் வேறு நோயாளியைப் பார்க்கத் திரும்பினார்.

பத்து நிமிஷம் நான் அந்தப் படத்தின் முன் நின்றேன். படத்தை மேஜை மேல் மல்லாக்க வைத்திருந்தார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் துணி போட்டது மாதிரி என் விலா மேல் பஞ்சு. அது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய நான். அப்போது மகள் பள்ளிக்கூடம் போனாள். எனக்கு முடி நரைக்கவில்லை. அன்றைக்கு அந்த மூச்சை நான் இழுத்துப் பிடித்தேன். அதை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். படத்தில் இருப்பவள் இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவளிடம் கேட்க வேண்டும் போல இருந்தது, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று. அறையில் பேச்சுச் சத்தம் எல்லாம் தூரமாகப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியாது.

நர்ஸ் பஞ்சை எடுத்தார். விரல் நுனியால் தள்ளினார். பொட்டு வழுக்கி வந்தது. கறுப்பு உரியவில்லை. முதல் பொட்டுக்கு அடியில் ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு அடியில் ஒன்றுமில்லை. மூன்றாவது பெரிய பொட்டு, அரக்குக் கலர். அதைத் தள்ளினார்.

அடியில் இருந்தது.

டாக்டர் வந்தார். மறுபடி விளக்கில் வைத்தார். உரிந்த இடத்தையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். உரிந்ததற்கு ஓரம் கூர்மை. இதற்கு ஓரம் மங்கல், பனிக்குள் தெரியும் விளக்கு போல. விழுந்தபோது எடுத்த எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்தார். சின்ன ஸ்கேலை எடுத்து இரண்டையும் அளந்தார். மறுபடி அளந்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் அளக்கச் சொன்னார்.

"அச்சா," என்றார் இரண்டாவது டாக்டர்.

ஒரே அளவு.

மத்தியானம் வரை காத்திருக்கச் சொன்னார்கள். டாக்டர்கள் கூடினார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். அவள் வேர்க்கடலை வாங்கி வந்தாள். நான் சாப்பிடவில்லை. அவள் தோல் நீக்கி என் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கை நிறைந்துவிட்டது.

கூப்பிட்டார்கள். நர்ஸ் சொன்னார். ஒன்பது வருஷமாக வளராத கட்டி கெட்டதாக இருக்க வழி மிகக் குறைவு. அறுக்கத் தேவையில்லை என்று டாக்டர்கள் நினைக்கிறார்கள். படம் மங்கிப் போனதால் ஒரு தடவை மட்டும் ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்து உறுதி செய்வார்கள். அதற்குள் சளியில் ரத்தம் வந்தாலோ, எடை இறங்கினாலோ உடனே வர வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"சிலருக்கு உள்ளே இருக்குன்னு நினைச்சாலே தூக்கம் வராது. எடுத்துடுங்கன்னு சொல்லுவாங்க. தப்பில்லை. எடுத்துக் கொடுப்பாங்க. நீங்க சொல்லணும்."

அது நான் எதிர்பார்க்காதது. டாக்டர் சொல்வார், நான் தலையாட்டுவேன் என்று வந்திருந்தேன். என்னைக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

யோசித்தேன். நிறைய யோசிக்கவில்லை. ஒன்பது வருஷம் அது என்னோடு மாடிப்படி ஏறியிருக்கிறது. துணி பிழிந்திருக்கிறது. ஒரு நாள் கூட ஒன்றும் கேட்கவில்லை.

"இருக்கட்டும்," என்றேன்.

டாக்டர் சீட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதினார். இரண்டு பாதிப் படத்தையும் கோப்பில் வைத்துக் கட்டினார். இனி இது இங்கேயே இருக்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொல்ல வந்தாள். நான் அவள் கையை அமுக்கினேன்.

மே மாதம் மறுபடி ஸ்கேன். வெளியே அனல். அந்த அறை மட்டும் அதே குளிர். டாக்டர் மாறியிருந்தார். சின்ன வயசுக்காரர். புதுப் படத்தையும் பழையதையும் பார்த்தார். மாற்றம் இல்லை என்றார். கோப்பில் எழுத, இதற்கு இதுவரை என்ன வைத்தியம் எடுத்தீர்கள் என்று கேட்டார்.

ஒன்றும் எடுக்கவில்லை என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.